வென்ஃப்ளானை எடுக்கச் சொல்வது யார்?

மருத்துவமனையில் நேரும் தவறுகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரியவை: வலது காலுக்குப் பதில் இடது காலில் செய்த அறுவை சிகிச்சை, வயிற்றுக்குள் மறந்துவிட்ட பஞ்சு, ஆள் மாறி ஏற்றிய ரத்தம். அவை செய்தித்தாளில் வருகின்றன, நுகர்வோர் நீதிமன்றம்வரை போகின்றன. கொஞ்ச காலமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதோ செய்தியாகும் தகுதியே இல்லாத ஒரு சிறு பொருள். படுக்கையில் அனுமதிக்கப்படும் பெரும்பாலோரின் கையில், மருந்தும் ட்ரிப்ஸும் ஏற்றுவதற்காகக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி வைக்கப்படும் சிறு குழாயான வென்ஃப்ளானைத்தான் சொல்கிறேன். அதைக் குத்துவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், இன்னொருவர் குத்துகிறார். எடுப்பது மட்டும் யாருடைய வேலை என்று தெளிவாக இருப்பதில்லை. அதை எத்தனை நாள் உள்ளே விடலாம் என்பதில் மருத்துவ உலகமே பல ஆண்டுகளாக இரண்டுபட்டுக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது பெரியம்மாவின் கை வீங்கிய பிறகுதான்.

பெரியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. காய்ச்சலும் குளிருமாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். ஆன்டிபயாடிக் ஊசியும் ட்ரிப்ஸும் ஏறின. காய்ச்சல் இறங்கியதும் மருத்துவர் மாத்திரைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு ஊசி வழியாகப் போக வேண்டிய மருந்து ஒன்றுகூடப் பாக்கியில்லை. வென்ஃப்ளான் மட்டும் கையிலேயே இருந்தது. மறுநாள் காலையில் பெரியம்மா, "கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா" என்று முறையிட்டபோது, செவிலியர் பிளாஸ்திரியின் மேலாகவே தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும். இப்ப எடுத்துட்டு, திடீர்னு தேவைப்பட்டா உங்களுக்கு நரம்பு கிடைக்காது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு எடுத்துடறேன்" என்றார். அவர் அலட்சியமானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்டு முழுவதற்கும் இரவெல்லாம் அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். கடைசியில் எடுத்தபோது, குத்திய இடத்திலிருந்து முழங்கைப் பக்கமாகச் சிவந்த கோடு ஒன்று ஏறியிருந்தது. விரலால் தடவினால் தோலுக்கடியில் கயிறுபோல் தட்டுப்பட்டது. களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பின்னும் வாரக்கணக்கில் அந்தக் கையால் ஒரு குடத்தைத் தூக்க முடியாமல் இருந்த பெரியம்மா, மருத்துவமனையைத் திட்டவில்லை. "மருந்தே ஏறாத கொழாய் எதுக்குடா கையில கெடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் போனேன்.

குழாய் செய்யும் கெடுதல்

பலரும் பயப்படுவதுபோல் உள்ளே கிடப்பது ஊசி கிடையாது. ஊசியின் மேல் உறையாக மாட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததும், ஊசியை உருவி எறிந்துவிடுகிறார்கள். இந்த அமைப்பை 1950ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மயக்கவியல் பயின்றுகொண்டிருந்த டேவிட் மாஸா உருவாக்கினார். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். நோயாளி கையை அசைக்கலாம், உட்காரலாம், கழிப்பறைக்குப் போய் வரலாம். இந்த வசதியே அதை நாட்கணக்கில் உள்ளே விடுவதற்கும் இடம் கொடுத்தது. கெடுதல் மூன்று வழியாக வருகிறது. மணிக்கட்டு, முழங்கை மடிப்பு போன்ற இடங்களில் குத்தினால் ஒவ்வோர் அசைவுக்கும் குழாயின் நுனி ரத்தக் குழாயின் உட்சுவரை உரசும். பொட்டாசியம் குளோரைடு, வான்கோமைசின் போன்ற மருந்துகள் அதே சுவரைப் புண்ணாக்கும். தோலில் இயல்பாகவே குடியிருக்கும் கிருமிகள் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியோ, மருந்து செலுத்தும் வாய் வழியாகவோ உள்ளே இறங்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் வலி, வீக்கம் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மூன்றாவதில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், அது இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்கார்ந்து உயிருக்கே உலை வைக்கும்.

இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதுதான் என்னை முதலில் திகைக்க வைத்தது. 103 ஆய்வுகளில் பதிவான ஏறத்தாழ 77,000 குழாய்களின் விவரங்களைத் திரட்டி 2020ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். நூற்றில் 19 குழாய்களில் ரத்தக் குழாய் அழற்சி, ஏறக்குறைய 14ல் மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியேறிச் சதைக்குள் கசிந்திருக்கிறது, 8ல் அடைப்பு. ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு தரும் மாத்திரை சந்தைக்கு வந்தால் நாம் சும்மா இருப்போமா? இங்கே "கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். ரத்த ஓட்டத் தொற்று மட்டும் அரிது. 85,000க்கும் மேற்பட்ட குழாய்களைக் கணக்கிட்டு 2017ல் வெளியான ஆய்வு அதை 0.18 சதவீதம் என்கிறது, அதாவது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. இந்த அரிதான தன்மைதான் பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கெல்லாம் வேர் என்பதால், இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

நாட்கணக்கா, தேவையா?

நெடுங்காலம் விதி எளிமையாக இருந்தது: நாள் ஆனால் மாற்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றச் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் குழாயை, மூன்று நாள் ஆகிவிட்டது என்பதற்காகவே பிடுங்கிவிட்டு வேறொரு இடத்தில் மறுபடி குத்த வேண்டும். குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு ரத்தக் குழாய் தேடுவது எவ்வளவு வேதனை என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு புதிய குத்தும் தோலில் ஒரு புதிய வாசல் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த விதியைத்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்டும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாளில் குழாய் மாற்றப்பட்டது. மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது அறிகுறி தென்பட்டால் மட்டும். 2012ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு இரு பிரிவுக்கும் ஒரே எண்ணைத் தந்தது: இரண்டிலும் 7 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாய் அழற்சி. மூன்றாம் நாளைத் தாண்டிய குழாய்களில், தேவைக்கேற்ப எடுத்தவை சராசரியாக 99 மணி நேரமும் நாட்கணக்குப்படி மாற்றியவை 70 மணி நேரமும் உள்ளே இருந்திருக்கின்றன. ஒரு நாளுக்கு மேல் கூடுதலாக இருந்தும் கெடுதல் கூடவில்லை என்பதால், வீண் குத்துகளையும் செவிலியரின் நேரத்தையும் பொருட்செலவையும் மிச்சப்படுத்தலாம் என்ற வாதம் வலுப்பெற்றது. ஒன்பது சோதனைகளில் பங்கேற்ற 7,412 பேரின் முடிவுகளைத் திரட்டிய காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் 2019ஆம் ஆண்டு ஆய்வும் தெளிவான வேறுபாடு எதையும் காணவில்லை. இவ்வளவையும் படித்து முடித்தபோது விஷயம் தீர்ந்துவிட்டது என்றே தோன்றியது. நாட்கணக்கு ஒரு பழைய சடங்கு, தேவைதான் அறிவியல்.

அடுத்து கையில் கிடைத்தது ஜெனீவாவின் கட்டுரை. அன்று இரவு அதை இரண்டாம் முறை படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை நான் ஏதோ தலைகீழாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள், அதுவரை 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை வைத்திருந்தன. 2018 ஏப்ரலில், நான் மேலே சொன்ன ஆதாரங்களை நம்பி, தேவைக்கேற்ப எடுக்கும் முறைக்கு மாறின. மாறியதோடு நில்லாமல் ரத்த ஓட்டத் தொற்றுகளையும் தொடர்ந்து எண்ணிவந்தார்கள். பழைய முறையில் 2,41,432 குழாய்களுக்கு 11 தொற்று. புதிய முறையில் 1,30,779 குழாய்களுக்கு 46. குழாய் உள்ளே இருந்த நாட்களையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது ஏறக்குறைய ஏழு மடங்கு உயர்வு. 2019 அக்டோபரில் பழைய முறைக்கே திரும்பினார்கள். தொற்றும் பழைய அளவை ஒட்டி இறங்கியது. 2021ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் இது வெளியானது. தங்கள் கொள்கை மாற்றம் கெடுதல் செய்ததை ஒரு பெரிய மருத்துவமனை தானே எண்ணிக் கண்டுபிடித்து, தானே பின்வாங்கி, தானே எழுதி வெளியிட்டது என்பதற்காகவே அந்தக் கட்டுரையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சரி, எது உண்மை? முதலில் ஜெனீவாவின் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறேன். அது குலுக்கல் முறைச் சோதனை கிடையாது. முன்பு, இடையில், பின்பு என்ற ஒப்பீடு. அந்தக் காலத்தில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம் என்ற சந்தேகத்தை முற்றாகத் துடைக்க முடியாது, தொற்று ஏறியதும் விதி திரும்பியபோது இறங்கியதும் அந்தச் சந்தேகத்தைக் குறைத்தாலும். குயின்ஸ்லாந்து சோதனையின் பலவீனம் வேறு வகை, அதை ஒரு பள்ளிக் கணக்கால் காட்டிவிடலாம். ஜெனீவாவின் மோசமான காலத்தில்கூட ஏறத்தாழ 2,800 குழாய்களுக்கு ஒரு தொற்றுதான். நல்ல காலத்தில் 22,000 குழாய்களுக்கு ஒன்று. குயின்ஸ்லாந்தில் சோதிக்கப்பட்ட மொத்தக் குழாய்கள் 5,907. இவ்வளவு அரிதான ஒன்று இரண்டு பிரிவுகளுக்கிடையே ஏழு மடங்கு வேறுபட்டிருந்தாலும் அந்தச் சோதனையின் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை. அது முதன்மையாக எண்ணியது அழற்சியைத்தான். அழற்சியைப் பற்றி அது சொன்னது சரியாகவே இருக்கலாம். ஒரே விதி, கைவலியைப் பொறுத்தவரை பாதுகாப்பாகவும் ரத்தத் தொற்றைப் பொறுத்தவரை ஆபத்தாகவும் இருக்க முடியும் என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

பார்ப்பதற்கு ஒரு ஆள்

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சோதனை நடக்கும் வார்டில், ஆய்வுக்கென்றே அமர்த்தப்பட்ட செவிலியர்கள் நாள்தோறும் குத்திய இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். "தேவைப்பட்டால் எடுக்கலாம்" என்ற விதி, தேவைப்படுகிறதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அந்த ஆள் இருக்கும் இடத்தில் விதி நன்றாக வேலை செய்யும். ஆய்வு முடிந்து அந்தச் செவிலியர் வீட்டுக்குப் போன பிறகு, விதி மட்டும் வார்டில் தங்கிவிட்டால்? 96 மணி நேரம் என்ற பழைய கெடு, அறிவியல் அடிப்படையில் முரட்டுத்தனமானதாக இருக்கலாம். ஆனாலும் நான்காம் நாள் யாராவது ஒருவர் படுக்கைக்கு வந்து, பிளாஸ்திரியைப் பிரித்து, கையைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியது. அந்த வேலையை அது செய்துகொண்டிருந்தது என்பது, அதை நீக்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது என்பது என் ஊகம். ஜெனீவா ஆய்வாளர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்களை வைத்துக்கொண்டு நான் யோசிப்பது இது.

உலக வார்டுகளில் யார்தான் பார்க்கிறார்கள்? 51 நாடுகளில் 40,620 குழாய்களை நேரில் பார்வையிட்டு 2018ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பாதிக் குழாய்களுக்கு, எந்த நாளில் எந்த நேரத்தில் குத்தப்பட்டது என்ற குறிப்பே இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு அன்றாடம் பார்த்ததற்கான பதிவு இல்லை. பத்தில் ஒன்று வலித்துக்கொண்டோ சிவந்தோ இருந்தது. பெரியம்மாவின் கேள்விக்கு நேரான எண்ணும் அங்கேதான் இருந்தது: 14 சதவீதக் குழாய்கள், அவற்றின் வழியே ஏற்ற எந்த மருந்தும் எழுதப்படாமல், சும்மா கிடந்தன. ஏழில் ஒன்று. மூன்று நாளா ஐந்து நாளா என்ற சண்டையில் இந்த ஏழில் ஒன்றைப் பற்றிப் பேச்சே வரவில்லை. சும்மா கிடக்கும் குழாய்க்கு எந்தக் கெடுவும் அதிகம்தான், அது அரை நாளாக இருந்தாலும்.

"நரம்பு கிடைக்காது" என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. இதயத் துடிப்பு தடுமாறும் நோயாளிக்கும் வலிப்பு வந்து போனவருக்கும் ஒரு வழியைத் திறந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் மாத்திரை விழுங்கி, இட்லி சாப்பிட்டு, நாளை வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் ஒருவருக்கு அதே வாதத்தைப் பொருத்தும்போது, மிகச் சிறிய வாய்ப்புள்ள ஒரு நன்மைக்காக ஐந்தில் ஒன்று என்ற கெடுதலை ஏற்கிறோம். போதாததற்கு, வீங்கி அடைத்துப்போன ரத்தக் குழாயில் மறுபடி குத்தவும் முடியாது. பாதுகாக்க நினைத்ததையே இழக்கிறோம். ஆஸ்திரேலியாவில் சில அவசர சிகிச்சைப் பிரிவுகள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன: அடுத்த 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துவோம் என்று 80 சதவீதமாவது உறுதியாகத் தோன்றினால் மட்டுமே குத்துவது. நம் ஊரில் இதைச் சொன்னால் நோயாளிகளே சண்டைக்கு வருவார்கள் என்று நினைக்கிறேன். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊர் இது. குழாய் கையில் இருந்தால்தான் வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கைக்கு மருத்துவமனைகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

குத்தும் முறையைப் பற்றியும் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பிரான்சின் பொவாத்தியே பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,000 பேரிடம் நடந்து 2021ல் வெளியான சோதனையில், போவிடோன் அயோடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்துக் குத்திய குழாய்களில் நூற்றுக்கு 17 கிருமி படிந்திருந்தன; குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்தவற்றில் நூற்றுக்கு ஒன்றுதான். துடைத்தது உலரும்வரை பொறுத்திருப்பதும் முக்கியம், அதற்குத் தேவைப்படுவது அரை நிமிடம். இத்தனை தெளிவான, இத்தனை மலிவான விஷயத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை; செய்ய வேண்டியதுதான்.

என்னை அதிகம் கவர்ந்தது குயின்ஸ்லாந்திலேயே பின்னால் நடந்த இன்னொரு முயற்சி. மூன்று மருத்துவமனைகளின் ஏழு வார்டுகளில், குழாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் செவிலியர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஒரு சிறு கேள்வி வரிசையைக் கொடுத்தார்கள். குழாய் இருக்கிறதா, இன்னும் வேண்டுமா, ஒழுங்காக வேலை செய்கிறதா, நோய் அறிகுறி உண்டா, எடுக்கலாமா என்று அது போகும். "வேண்டுமா" என்ற கேள்வி "வலிக்கிறதா" என்பதற்கு முன்னால் வருகிறது. 2023ல் வெளியான முடிவின்படி, சும்மா கிடக்கும் குழாய்கள் 12.7 சதவீதத்திலிருந்து 8.3 ஆகவும், சிக்கல் கண்டவை 16.1லிருந்து 10.9 ஆகவும் குறைந்தன. புதிய கருவி இல்லை, புதிய மருந்து இல்லை. மாயமும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு கேட்ட பிறகும் பன்னிரண்டில் ஒரு குழாய் சும்மாதான் கிடந்திருக்கிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் கொட்டினேன். ஜெனீவாவைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "நீங்க படிச்சதுல வராத ஒண்ணு சொல்றேன்" என்று தொடங்கினார். வாய்வழி மாத்திரை மட்டும் கொடுத்து ஒருவரைப் படுக்கையில் வைத்திருந்தால், வீட்டிலிருந்தே சாப்பிட்டிருக்கலாமே என்று காப்பீட்டு நிறுவனத்தார் பணத்தை மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் மருத்துவமனைகளுக்கு இருக்கிறதாம்; ஊசி மருந்து ஒரு நாள் கூடுதலாக ஓடுவதற்கும், குழாய் கடைசி நாள்வரை கையில் இருப்பதற்கும் அதுவும் ஒரு காரணம் என்றார். குழாய் சும்மா கிடப்பதற்கான காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வார்டில் இப்போது ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் செவிலியர் முதலில் சொல்ல வேண்டியது காய்ச்சலோ ரத்த அழுத்தமோ கிடையாது: கையில் குழாய் இருக்கிறதா, என்று குத்தியது, இன்று எந்த மருந்துக்காக வைத்திருக்கிறோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திராமல் அங்கேயே எடுத்துவிடும் அதிகாரம் செவிலியருக்கு. நோயாளியின் துணைக்கு இருப்பவர்களும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்; மகன்களைவிட மருமகள்கள்தான் அதிகம் கேட்கிறார்களாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டேன். சனிக்கிழமைவரை நடக்கிறது, ஞாயிறு ரவுண்ட்ஸுக்குத் தான் போவதில்லை என்பதால் திங்கள் காலையில் நான்கைந்து சும்மா குழாய்கள் எப்படியும் அகப்படுகின்றன என்றார்.